ஒரு மில்லிமீட்டர் மூச்சு

நான் கூட்டிச் சொல்கிறவன். இதை ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கணபதி என்கிற எங்கள் ஊரில், எங்கள் வீதிக்குள் நுழைந்து யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். சர்ச்சில் ஒருமுறை நான் சாட்சி சொல்லி முடித்ததும் பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, அந்தப் பாம்பு நிஜமாவே காம்பவுண்டு சுவர் நீளம் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். என் மனைவி விமலாராணி நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவாள். வாங்கியதிலும் கொஞ்சத்தை அரிசி கழுவிய தண்ணீரோடு வாசலில் கொட்டிவிடுவாள்.

இது பிறவிக்குணம் இல்லை, தொழில் கொடுத்தது. முப்பத்தெட்டு வருஷம் ஒரு பம்பு கம்பெனியில் பேட்டர்ன் மேஸ்திரியாக இருந்தேன். உருக்கிய உலோகத்தை ஊற்றுவதற்கு மணலில் அச்சுப் பதிக்க வேண்டும் அல்லவா, அதற்கான மர உருவம்தான் பேட்டர்ன். ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் மர உருவத்தை ஒரு பங்கு பெரிதாகவே செய்ய வேண்டும். அதற்கென்று ஒரு தனி ஸ்கேல் உண்டு, கான்ட்ராக்‌ஷன் ஸ்கேல். அதில் நூறு என்று கோடு போட்டிருக்கும் இடம் நிஜத்தில் நூற்றி ஒன்றையும் தாண்டி நிற்கும். என் பேச்சும் அந்த ஸ்கேலில்தான் வருகிறது. கேட்பவர் காதில் ஆறும்போது சரியான அளவுக்கு வந்துவிடும்.

ஆனால் இனி நான் சொல்லப்போவதில் ஒரே ஒரு இடத்தில் எதையும் கூட்டவில்லை. அந்த இடம் வரும்போது நானே சொல்கிறேன்.

எங்கள் எதிர்வீட்டுக்காரன் சென்னிமலை. வெள்ளகோவிலில் இருந்து வந்து இங்கே மைக் செட் கடை போட்டவன். நாற்பது வருஷத்தில் அவன் குழாய் கட்டாத தென்னைமரம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. அவன் சத்தம் வைத்தால் கணபதியில் தொட்டிலில் கிடக்கும் குழந்தை எழுந்து சத்தியமங்கலம் வரைக்கும் நடந்து போய்விடும். எங்கள் இருவருக்கும் தீராத ஒரு சண்டை இருந்தது. ஒலிபெருக்கிக் குழாயின் வளைவைக் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும் என்பேன் நான். தகரத்தை வெட்டிச் சுருட்டினால் போதும் என்பான் அவன்.

"கொழாய்க்குக் கணக்கு எதுக்குய்யா மேஸ்திரி? கழுத்துச் சின்னது, வாய் பெருசு. உன்ற மூஞ்சிய அளவெடுத்தாப் போதும்."

"அதனாலதான்டா உன்ற கொழாய்ல பாட்டு வெச்சா ஆட்டுக்குட்டி கத்தற மாதிரி இருக்குது."

"ஆட்டுக்குட்டிக்கும் ரசிகர் இருக்கறாங்கய்யா."

அவனுக்கு இழுப்பு. ஒரு வாக்கியம் பேசினால் இரண்டு மூச்சு வாங்குவான். நெஞ்சுக்குள் ஒரு பழைய ஹார்மோனியத்தைப் பூட்டி வைத்த மாதிரி சத்தம் வரும். அதனாலோ என்னவோ, மைக்கில் அவன் பேசவே மாட்டான். மற்ற மைக் செட்காரர்கள் 'ஹலோ, ஹலோ' என்று எண்ணிக்கொண்டு இருப்பார்கள். இவன் மைக்கைப் பிடித்து 'ஃபூ, ஃபூ' என்று இரண்டு தடவை ஊதுவான். பந்தலின் கடைசிக் குழாய்க்குக் கீழே அவன் மனைவி சாந்தாமணி நின்றுகொண்டு, "கேக்குதுங்கோ!" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்தால் இவன் மைக்கை விரலால் மூன்று தட்டுத் தட்டுவான். அப்புறம்தான் முதல் பாட்டு. கல்யாணம் ஆன புதிதில் ஆரம்பித்தது, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அப்படியேதான் நடந்தது. ஊரில் எத்தனையோ பேர் குரலைக் கேசட்டில் பிடித்தவன், தன் குரலை ஒன்றிலும் விட்டுவைக்கவில்லை.

போன மார்கழியில் ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்குச் சென்னிமலை செத்துப்போனான். கட்டிலில் உட்கார்ந்தபடியே இழுப்பு முற்றிவிட்டது. சாந்தாமணி சமையல்கட்டில் இருந்திருக்கிறாள். அதற்கு மேல் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் கிரைண்டரைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, கடையில் பாக்கெட் மாவு வாங்க ஆரம்பித்தாள். கிரைண்டர் பிறந்த ஊர் இது. இங்கே ஒரு வீட்டுக்காரி பாக்கெட் மாவு வாங்கினால் ஏழு வீதிக்கு அந்தச் செய்தி போகும். போனது. ஏன் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

மாசியில் ஒருநாள் அவள் ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே ஒரு யூனிட். குழாயின் கழுத்தில் பூட்டுகிற, சத்தம் பிறக்கிற அந்த இரும்பு உருண்டையை மைக் செட்காரர்கள் யூனிட் என்பார்கள். தேங்காய் அளவு, ஆனால் தேங்காயைப் போல ஐந்து மடங்கு கனம்.

"ஏனுங்ணா, அவரு கடைசியா வாங்குனதுங்க இது. பூட்டவே இல்லை. கணக்குப் போட்டு ஒரு கொழாய் செஞ்சு காட்டறேன்னு நீங்க சொல்லிட்டே இருந்தீங்களே. செய்யுங்க."

"செஞ்சுபோடலாம் அம்மணி," என்றேன். சொல்லும்போதே கை அரித்தது. ஓய்வு பெற்றவனுக்கு ஒரு வேலை கிடைப்பது மாதிரி இன்பம் உலகத்தில் இல்லை.

மூன்று நாள் கணக்குப் போட்டேன். கழுத்துத் துளை இருபத்தைந்து மில்லிமீட்டர். அங்கிருந்து ஒவ்வொரு ஒன்பது சென்டிமீட்டருக்கும் உட்புறப் பரப்பு இரண்டு மடங்காக வேண்டும். அப்படியே போனால் எழுபத்தெட்டாவது சென்டிமீட்டரில் வாய் ஐம்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு விரியும். இதற்குள் மனிதக் குரல் அப்படியே நிற்கும். பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட்டில் நாற்பத்து மூன்று வளையங்கள் அறுத்தேன். ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, ஷெட்டில் இருக்கும் லேத்தில் ஏற்றி, உள்பக்கத்தைத் தகட்டு டெம்ப்ளேட் வைத்துக் கடைந்தேன். மரத்தூள் எங்கள் வீட்டுச் சாம்பார் வரைக்கும் போனது.

"ஏனுங்க, இன்னைக்குப் பருப்புல உப்பு கம்மி, தேக்கு ஜாஸ்தி," என்றாள் விமலாராணி.

"தேக்கில்லை, பிளைவுட்டு."

"ஆமாங்க, தேக்கா இருந்தாலாச்சும் ருசி இருந்திருக்கும்."

முடித்தபோது அது குழாய் மாதிரியே இல்லை. ராட்சச ஊமத்தம்பூ ஒன்று எங்கள் முன்னறை மேஜைமேல் படுத்து, ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. உள்ளே பாலிஷ் போட்ட வழவழப்பில் ஒரு எறும்பு ஏற முயன்று மூன்று நாள் வழுக்கிக்கொண்டே இருந்தது. சரி, அரை மணி நேரம்.

ஒரே ஒரு சிக்கல். யூனிட்டைப் பூட்டப் போனபோது போல்ட் துளைகள் சேரவில்லை. இழை பிசகுதான். நான் அளந்து போட்ட துளை தப்புமா? முப்பத்தெட்டு வருஷத்தில் தப்பியதில்லை. யூனிட் செய்தவன்தான் கோணல் என்று முடிவு கட்டி, அவன் வம்சத்தையே திட்டிக்கொண்டு, வட்ட அரத்தால் துளைகளை ராவிப் பெரிதாக்கி முடுக்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குச் சாந்தாமணியைக் கூப்பிட்டோம். விமலாராணி தன் பாடகர் குழுவின் கேசட்டைப் பிளேயரில் போட்டு வைத்திருந்தாள். நான் பழைய ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைப் போட்டேன்.

ஃபூ. ஃபூ.

குழாய் இரண்டு தடவை ஊதியது.

விமலாராணியின் கையில் இருந்த காலி கேசட் டப்பா கீழே விழுந்தது. வெளியே நல்ல வெயில், மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, வீதியில் தயிர்க்காரி போய்க்கொண்டிருந்தாள். ஆனால் எங்கள் அறைக்குள் சென்னிமலை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்குப் பிடரி மயிர் அத்தனையும் எழுந்து நின்றது. இருப்பதே பதினோரு மயிர், ஆனாலும் நின்றது.

சாந்தாமணி நாற்காலியைவிட்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். சுவரோரம் போய் நின்று, பந்தலின் கடைசியில் இருந்து சொல்கிற மாதிரி, "கேக்குதுங்கோ!" என்றாள்.

நாங்கள் மூவரும் காத்திருந்தோம். தட்டும் சத்தம் வரவில்லை.

போட்டு வைத்திருந்த கேசட் ஓட ஆரம்பித்தது. கீர்த்தனையின் ஒவ்வொரு அடியிலும், குரல் ஏறும் இடங்களில் எல்லாம், பக்கத்திலேயே ஒருவன் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினான். கேசட்டை மாற்றினேன். ரேடியோவைப் போட்டேன். வேளாண்மைச் செய்தி வாசித்த அம்மாவும் மஞ்சள் விலையை இழுப்போடு வாசித்தாள்.

மறுநாள் நாலு மணிக்குச் சாந்தாமணி கையில் ஒரு டம்ளரோடு வந்தாள். ஓமத் தண்ணி, வெதுவெதுப்பாக. இழுப்புக்கு அவனுக்குக் கொடுப்பது. அதைக் குழாயின் வாய்க்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சுவிட்சைப் போட்டேன். ஃபூ, ஃபூ. "கேக்குதுங்கோ!" காத்திருப்பு. தட்டு இல்லை. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாள் அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். ஒரு வாரத்தில் அவள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது. குழாய் மட்டும் சொல்லவில்லை. அவள் போன பிறகு அந்த ஓமத் தண்ணியை நான்தான் குடித்தேன். வீணாக்கக் கூடாது பாருங்கள்.

இங்கே நான் ஒரு பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அது ஆனந்தமாக இருந்தது. நான் செய்த குழாயில் ஆவி! எந்த மேஸ்திரிக்கு இந்தப் பேறு கிடைக்கும்? டீக்கடையில் சொன்னேன். ஊதுவதோடு நிற்கவில்லை, இருமுகிறான் என்றேன். இருமுவதோடு நிற்கவில்லை, 'யோவ் மேஸ்திரி' என்று கூப்பிட்டான் என்றேன். கேட்டவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து அதைச் சாந்தாமணியிடமே கொண்டுபோய்விட்டார்கள். அன்றைக்கு அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏனுங்ணா, உங்களக் கூப்பிட்டாராமா?"

நான் குழாயைத் துடைப்பது மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

"உங்களக் கூப்பிட்டவரு எனக்கு ஒரு தட்டுத் தட்ட மாட்டேங்கறாருங்களே," என்றாள்.

விமலாராணி அன்று இரவு என்னோடு பேசவில்லை. காலையில் பேசியது இன்னும் மோசம். "ஏனுங்க, ஒண்ணு அதக் கழட்டி ஷெட்டுல போடுங்க. இல்லாட்டி அது என்னன்னு பாருங்க. அந்தப் பொம்பளை நாளுக்கு நாள் எளைச்சுட்டு வாரா. உங்களுக்கு வெளையாட்டு."

அந்த வாரக் கடைசியில் சாந்தாமணியின் மகன் மதன்குமார் ஈரோட்டில் இருந்து போனில் பேசினான். அங்கே ஜவுளிக் கடை வைத்திருக்கிறான். "மாமா, அம்மாவ ஞாயித்துக்கெழம காரெடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறேனுங். மூணு மாசமாக் கூப்படறேன், வரமாட்டேங்கறாங்க. உங்க ஊட்டுல எதோ ஸ்பீக்கரு இருக்குதாமா? அத உட்டுட்டு வரமாட்டேன்ங்கறாங்க. நீங்கதானுங் ஒரு வார்த்தை சொல்லோணும்."

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு யூனிட்டைக் கழற்றினேன். கழுத்தும் யூனிட்டும் சேருகிற இடத்தில், ஒரு பக்கம் மட்டும், கண்மை தீட்டின மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு. ஃபவுண்டரியில் இருந்தவனுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. காற்று கசிகிற இடத்தில்தான் அப்படித் தூசி படியும். நுண்ணளவு பார்க்கும் வெர்னியரை எடுத்துப் போல்ட் துளைகளின் இடைவெளியை அளந்தேன். யூனிட்டில் எழுபத்தாறு. என் குழாயில் எழுபத்தேழு.

எழுபத்தேழா?

கருவிப்பெட்டியைத் திறந்து, குழாய் செய்வதற்கு நான் பயன்படுத்திய ஸ்கேலை வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் தேய்ந்துபோன முத்திரை: AL 1.3. அலுமினியத்துக்கான கான்ட்ராக்‌ஷன் ஸ்கேல். ரிட்டயர் ஆன அன்று நேர் ஸ்கேலையும் இதையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு வந்தவன் நான். மரத்திலேயே நிற்கப்போகிற குழாய்க்கு, யாரும் எங்கேயும் வார்க்கப்போகாத குழாய்க்கு, சுருக்கம் கொடுத்துச் செய்துவிட்டேன். அதனால் யூனிட் உட்காரும் குழி பெரிதாகி, துளை விலகி, நான் அதை அரத்தால் ராவி, யூனிட் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் ஆம்ப்ளிஃபயர் இரண்டு தடவை திக்திக் என்று உதைக்கும். உதைக்கிற காற்று அந்தச் சந்து வழியாக 'ஃபூ, ஃபூ' என்று வெளியேறும். சென்னிமலையின் மூச்சு ஒரு மில்லிமீட்டர் அகலம். அதைச் செய்தவன் நான்.

சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே வெட்கமும் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில்கூட எவனும் செய்யாத தப்பு. யாருக்கும் சொல்லாமல் ஒட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, உட்புறம் ஏதாவது உடைசல் இருக்கிறதா என்று கழுத்துத் துளைக்குப் பக்கத்தில் குனிந்தேன். குனிந்தவன் ஏன் காதை வைத்தேன் என்று தெரியவில்லை. துளை இருந்தால் காதை வைக்கத் தோன்றும், அவ்வளவுதான்.

கதவைத் திறந்த மாதிரி இருந்தது. சத்தத்தை வெளியே கொட்டுகிற குழாய் சத்தத்தை உள்ளேயும் வாரிக்கொண்டு வரும் என்பது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனால் இவ்வளவு என்று தெரியாது. எதிர்வீட்டுச் சமையல்கட்டுச் சுவர்க்கடிகாரம் என் காதுக்குள் ஓடியது. அப்புறம் ஓமம் கொதிக்கிற சத்தம். அப்புறம் சாந்தாமணி. யாரும் இல்லாத வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மதன் வாரான். நான் போமாட்டேனுங். நீங்க அங்க மேஸ்திரி ஊட்டுல மூச்சு வாங்கிட்டுக் கெடக்கறப்ப நான் எங்க போறது. அன்னைக்கு நீங்க கட்டலத் தட்டியிருப்பீங்க. எனக்குத் தெரியுங். கிரைண்டரு ஓடிட்டு இருந்துச்சுங், கேக்கலீங். சத்தியமாக் கேக்கலீங். இப்பத்தான் தெனமும் கேக்குதுன்னு சொல்றேனே. இன்னும் எத்தன சத்தமாச் சொல்லோணும்? ஒரு தட்டுத் தட்டுனா ஆகாதுங்களா?"

காதை எடுத்துவிட்டேன். டீக்கடையில் 'யோவ் மேஸ்திரி' என்று நான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

நாலு மணிக்கு டம்ளரோடு வந்தாள். யூனிட் தனியாகக் கிடந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அம்மணி, உக்காருங்க. நான் ஒண்ணு சொல்லோணும். அது அவனில்லை."

"கதை உடாதீங்ணா."

"இன்னைக்குக் கதையில்லை." இரண்டு ஸ்கேலையும் எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பூஜ்யத்தைச் சேர்த்துப் பிடித்தேன். "இது நேர் ஸ்கேல். இது கூட்டிச் சொல்ற ஸ்கேல். இந்தக் கடைசியப் பாருங்க."

முந்நூறுக்கு முந்நூறு ஒட்டவில்லை. நாலு மில்லிமீட்டர் விலகி நின்றது. அவள் விரல் நகத்தை அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தாள்.

"நான் இத எடுத்துப்போட்டேன். அதனால சந்து. அந்தச் சந்துல காத்துப் போற சத்தம்தான் நீங்க கேட்டது. என்னையும் அவன் கூப்பிடலை. அது நானாச் சேத்துச் சொன்னது."

விமலாராணி சமையல்கட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"அடைங்க பார்க்கலாம்," என்றாள் சாந்தாமணி.

பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டினேன். ராவின துளைகளை மரமுளை அடித்து மூடி, நேர் ஸ்கேலில் அளந்து புதிதாகத் துளை போட்டேன். முக்கால் மணி நேரம். அதுவரை அவள் அசையவில்லை. ஓமத் தண்ணி ஆறிப்போனது. பூட்டி, சுவிட்சைப் போட்டேன்.

ஒன்றும் இல்லை. கேசட் ஓடியது. பாடகர் குழு எங்கள் முன்னறைக்குள் வந்து நின்று பாடியது. அப்படி ஒரு சுத்தம். இரண்டாவது வரிசையில் யாரோ தாள் புரட்டுவது கேட்டது. யாரும் மூச்சு வாங்கவில்லை.

"அப்ப இத்தன நாளா நான் யாருக்குங்ணா பதில் சொன்னேன்?" என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதன்குமாரின் காரில் ஏறி ஈரோட்டுக்குப் போனாள். கிரைண்டர் சாக்குக்குள்ளேயே இருந்தது. வீட்டைப் பூட்டிச் சாவியை விமலாராணியிடம் கொடுத்தாள். என்னிடம், "வாரேனுங்ணா," என்றதோடு சரி. முகத்தில் எதுவும் இல்லை. உண்மை சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று பாஸ்டர் சொல்வார். யாருடைய நெஞ்சு என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஈரோட்டிலும் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, கிரைண்டர் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறாள் என்று மதன்குமார் பிறகு போனில் சொன்னான்.

இப்போது நான் சொன்ன அந்த இடம்.

அதற்கடுத்த வியாழக்கிழமை. கரண்ட் இல்லை, மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். மின்விசிறி இல்லை, ஷெட்டில் லேத் இல்லை, வீதியில் ஒரு மிக்ஸி சத்தம் இல்லை. ரப்பர் வளையம் அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க யூனிட்டைக் கழற்றி வைத்திருந்தேன். ஆம்ப்ளிஃபயரின் ஒயர் பிடுங்கிக் கிடந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு அடிக்க ஒரு நிமிஷம். கழுத்துத் துளையில் காதை வைத்தேன்.

எதிர்வீட்டில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளிக்கதவில் பூட்டுத் தொங்குவது ஜன்னல் வழியே எனக்குத் தெரிந்தது. உள்ளே, கட்டில் கிடக்கிற பக்கத்தில் இருந்து, ஒரு இழுப்பு. நிதானமாக உள்ளே போய், அடைத்து, வெளியே வந்தது. இன்னொன்று.

அப்புறம், ஃபூ. ஃபூ.

யூனிட் என் மடியில் இருந்தது. ரப்பர் வளையம் என் கையில் இருந்தது. சந்து கிடையாது, உதைப்பதற்கு ஆம்ப்ளிஃபயர் கிடையாது. பூட்டின வீட்டுக்குள் ஒருவன் ஊதிவிட்டு, பந்தலின் கடைசியில் இருந்து குரல் வருமா என்று காத்துக்கொண்டிருந்தான். குரல் கொடுக்க வேண்டியவளை நான் ஈரோட்டுக்கு அனுப்பிவிட்டேன். அது அவனில்லை என்று ஸ்கேல் வைத்து நிரூபித்து அனுப்பினேன்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, அது உலகத்துக்கே அதிசயம். மறுபடியும் ஊதினான். ஃபூ. ஃபூ. இந்தத் தடவை கொஞ்சம் பொறுமை இழந்து. கடைசிக் குழாயில் குரல் வராவிட்டால் அவன் அப்படித்தான் ஊதுவான்.

காதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வாயை வைத்தேன்.

"கேக்குது!" என்றேன். "சென்னி, கேக்குதுடா! அவளுக்கும் கேக்குது!"

குழாய் அதை வாரிக்கொண்டுபோய் எதிர்வீட்டுச் சுவரில் மோதியது. புறாக்கள் எழுந்தன. பின்கட்டில் இருந்து விமலாராணி, "ஏனுங்க, யாருகிட்டப் பேசறீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டுக் காதை வைத்தேன்.

கடிகாரம். கடிகாரம். அப்புறம் கட்டில் சட்டத்தில் விரல் படுகிற சத்தம். டொக். டொக். டொக்.

அதற்குப் பிறகு மூச்சு வரவில்லை. அன்றும் வரவில்லை, இன்றுவரையும் வரவில்லை. நான் தினமும் நாலு மணிக்குக் காதை வைத்துப் பார்க்கிறேன்.

விமலாராணிதான் போனை எடுத்து நீட்டினாள். ஈரோட்டுக்குப் போட்டேன். மருமகள் லோகப்பிரியா எடுத்து, மாமியாரிடம் கொடுத்தாள்.

"சொல்லுங்ணா."

"அம்மணி, தட்டிட்டான்."

அந்தப் பக்கம் லோகப்பிரியா பாத்திரம் உருட்டுவது மட்டும் கேட்டது.

"எத்தன?" என்றாள்.

"மூணு."

"எந்த ஸ்கேல்ல சொல்றீங்ணா?"

நான் சிரிக்கவில்லை. வாழ்நாளில் ஒரு நல்ல சிரிப்பைக் கோட்டைவிட்டது அன்றுதான்.

"நேர் ஸ்கேல் அம்மணி. ஊட்டுச் சாவி விமலா கையில இருக்குது, ஊடு பூட்டிக் கெடக்குது. யூனிட்டு என்ற மடில இருக்குது. இங்க கரண்டுகூட இல்லை. மூணு தட்டு. கட்டலு மேல."

அவள் நம்புகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் என்னை நம்பமாட்டேன்.

"சரிங்ணா," என்றாள் கடைசியில். "லோகப்பிரியா காலைலயே அரிசி ஊறப் போட்டுட்டா. நாலு மணி ஆச்சு. ஆட்டோணும்."

போனை அணைக்க மறந்து எங்கேயோ வைத்துவிட்டாள் போலிருக்கிறது. தண்ணீர் ஊற்றுவது கேட்டது. அரிசி கல்லில் விழுவது கேட்டது. சுவிட்ச் கேட்டது. அப்புறம் ஈரோட்டில் ஒரு கிரைண்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. மாவு வழிக்கும்வரை நான் போனைக் காதில் இருந்து எடுக்கவில்லை. விமலாராணியும் என் பக்கத்தில் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டாள். நான் சொன்னதில் எதையும் அவள் கழிக்கவில்லை.